சும்மா இருப்பவளா அவள்?

தோழர்களே! "வீட்டிலே சும்மா இருக்கிறாள்" என்கிறோம். சும்மாவா இருக்கிறாள்?

ரஞ்சன்குடிக்கு வருவோர் கோட்டை மதிலைக் காண்கின்றனர். சின்ன வெங்காயத்தைத் தாளறுத்துத் தரம் பிரிக்கும் கைகளைக் காண்பதில்லை! அந்தக் கைகள் வீட்டிலிருந்தே காசு ஈட்ட வழியுண்டு: கறவை மாடு, ஆடு, கோழி, தையல்.

முதலுக்கு எங்கே போவது? 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுவே விடை! பத்துப் பேருக்குக் குறையாமல் கூடிச் சேமித்தால், அந்தக் குழுவுக்கு வங்கி 20 இலட்சம் ரூபாய் வரை ஈடின்றிக் கடன் தரலாம். கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டாம்.

ஆனால், பிள்ளையைத் தூக்க, தண்ணீர் சுமக்க நாமும் கை கொடுத்தால்தான் அவளுக்கு நேரம் கிட்டும். வரும் பணமும் அவள் கணக்கிலேயே இருக்கட்டும்! சங்கத்தில் கூலி கேட்கும் நாம், வீட்டில் அதைப் பறிப்பது முறையா?