600 டொலர் படகு

போன எபிசோட்டில் பழைய கோடைத் திருத்துவதா, தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதுவதா என்று கதைக்கும்போது, இடையில் நான் "என்ரை படகு மாதிரி" என்று சொல்லிவிட்டேன். பிறகு வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் கோடைப் பற்றியில்லை, படகைப் பற்றித்தான். சரி, இந்த முறை படகு.

12 அடி, அலுமினியம், வயது என்னைவிடக் கூட. ட்ரெய்லரோடு 600 டொலர். ஒழுக்கெல்லாம் அடைத்தாயிற்று என்று விற்றவர் சொன்னார். மார்க்கத்துக்கு இழுத்து வந்து ட்ரைவ்வேயில் வைத்துப் பார்த்தால், உள்ளே ரிவெட் வரிசை முழுக்க வெள்ளைச் சிலிக்கன் அப்பிக் கிடக்கிறது. சிலிக்கன் அந்த இடத்தில் கனநாள் நிற்காது. ஆனால் அது பட்ட இடத்தில் பிறகு வேறொன்றும் ஒழுங்காக ஒட்டாது. சுரண்டி எடுக்கவே மூன்று வார இறுதிகள் போயின. முன்னுக்கு இருந்தவர் செய்த அவசரத் திருத்தம்தான் எப்போதும் பெரிய வேலை. கொன்ட்ராக்ட் வேலை செய்கிற யாருக்கும் இது புதினமில்லை.

அந்த நேரம்தான் மாமா வந்து சேர்ந்தார். மயிலிட்டிக்காரர். 1990இல் விட்டுவிட்டு வந்த துறைமுகம் 2017 ஜூலையில்தான் சனத்திடம் திரும்பியது. அதற்குள் அவர் இங்கே தொழிற்சாலையில் வேலை செய்து, ஓய்வும் எடுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்தது கண்ணாடியிழைப் படகு. நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கின சீ-நோர் தளம் கட்டினது மாதிரியான படகுகள். என்னுடையதைப் பார்த்ததும், "இதென்னடா தகரப் பேணி?" என்றார்.

பேணிதான், ஆனால் நல்ல வம்சத்துப் பேணி. இரண்டாம் உலகப் போரில் போர் விமானம் கட்டிய அமெரிக்காவின் கிரம்மன் கொம்பனி, போர் முடிந்த கையோடு அதே அலுமினியத் தகட்டையும் ரிவெட்டையும் வைத்து கனூ செய்யத் தொடங்கியது. இந்தப் படகுகளும் அந்த வழிதான். உப்புத் தண்ணீரில் அலுமினியத்தோடு வேறு உலோகம் தொட்டால் அரிப்பு வேகமாக நடக்கும். நல்ல தண்ணீர் ஏரிகள் நிறைந்த ஒன்ராறியோவில் அதே தகடு ஒரு தலைமுறையைத் தாண்டி நிற்கும்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கப் படகைத் தண்ணீரில் விடத் தேவையில்லை, தண்ணீரைப் படகுக்குள் விடுங்கள். வெளியே சொட்டுகிற இடத்தில் மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுங்கள். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கே 300 கிலோவுக்குக் கிட்ட வரும், அதனால் அடியில் முட்டுக் கொடுக்காமல் நிரப்ப வேண்டாம். எங்களுக்கு 23 வட்டம்.

தளர்ந்த ரிவெட்டை மாற்ற வேண்டுமென்றில்லை. பெரும்பாலும் இறுக்கினால் போதும். ஒருவர் வெளியே தலையில் சுத்தியலால் தட்ட, மற்றவர் உள்ளே அதன் வாலோடு கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். தனி ஆளாகச் செய்ய ஏலாது. மாமா உள்ளே, நான் வெளியே குனிந்தபடி. முகம் தெரியாது, குரல் மட்டும். "இறுகிட்டுது. அடுத்தது." சத்தம் மாறுவதை வைத்தே சொல்லுவார். இடையிடையே மயிலிட்டியைப் பற்றிக் கதைத்தார்: விடியப்புறம் கரைக்கு வந்த படகுகள், மீன் ஏற்ற நின்ற லொறிகள், பூட்டிவிட்டு வந்த வீடு. முப்பது வருசமாக எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்தும் அவர் இதையெல்லாம் சொன்னதில்லை. நடுவில் தகடு இருந்தது வசதியாக இருந்ததோ தெரியாது.

மூன்று ரிவெட் தேறவில்லை. அந்த இடத்துக்கு வால்பக்கம் மூடின பொப் ரிவெட் வேண்டுங்கள். சாதாரண பொப் ரிவெட்டின் நடு ஓட்டையாலேயே தண்ணீர் வரும்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். மாமா பின்பக்கம் போய் ட்ரான்சத்தை, அதாவது மோட்டர் தொங்குகிற பின்பலகையை, விரல் முட்டியால் தட்டினார். தொப்பென்று ஒரு சத்தம். "ஒழுக்கு ஆளைக் கொல்லாது தம்பி. அள்ளி ஊத்தலாம். இதுதான் கொல்லும்." மூடித் தகட்டைக் கழற்றினால், உள்ளே இருந்த ப்ளைவூட் ஊறின பாண் மாதிரிப் பிய்ந்து வந்தது. 40 கிலோ அளவு மோட்டரை அதில் கொழுவிக்கொண்டு ஏரி நடுவுக்குப் போயிருப்பேன், பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு.

அடுத்த பிழை முழுக்க என்னுடையது. உக்காது என்று நம்பி, மருந்து ஏற்றின பச்சைப் பலகை வாங்கி வந்துவிட்டேன். வீட்டுப் பாவனைக்கான பலகையில் ஆர்செனிக் மருந்து 2003 முடிவோடு நின்றது. அதற்குப் பதிலாக வந்த மருந்துகளில் செம்பு கூட. செம்பு, அலுமினியம், நடுவில் ஈரம்: அது பட்டரி. தின்னப்படுவது அலுமினியம். பலகை நிற்கும், படகு போய்விடும். 1996 வரை அடித்த கனடிய ஒரு சதக் குற்றியிலும் பெரும்பங்கு செம்புதான், அடியில் ஒன்று விழுந்து கிடந்தாலே அந்த இடம் அரிக்கத் தொடங்கும். பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மருந்தில்லாத ப்ளைவூட்டை வெட்டி, ஓரம், ஓட்டை ஒன்றும் விடாமல் எபொக்ஸி பூசிப் போட்டோம். ஒவ்வொரு ஸ்ரெயின்லெஸ் போல்ட்டையும் சீலன்ட் பூசித்தான் இறக்கினோம்.

சட்ட விசயம் சுருக்கமாக. 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் படகுக்கு லைசன்ஸ் வேண்டும். இந்த அளவுப் படகுகளில் 9.9 மோட்டரை இவ்வளவு பேர் பூட்டுவது அதனால்தான். ஓட்டுகிறவருக்கு எவ்வளவு சின்ன மோட்டர் என்றாலும் ஒப்பரேட்டர் கார்ட் கட்டாயம். மயிலிட்டிக் கடலில் ஓடின மாமா மேசையில் இருந்து பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினார். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜக்கட் படகில் இருக்க வேண்டும். இருந்தால் போதாது, போடுங்கள்.

ஆனியில் போர்ட் பெரிக்குக் கொண்டுபோய் ஸ்கூகொக் ஏரியில் இறக்கினோம். இறக்க முதல் அடித்தக்கையைப் பூட்ட வேண்டும். நான் மறந்தேன், மாமா மறக்கவில்லை. திரும்பி வரும்போது அதைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். ஓர் ஏரியின் பூண்டும் சிப்பியும் இன்னொன்றுக்குப் போகாமலிருக்க, 2022இலிருந்து ஒன்ராறியோவில் இது சட்டம்.

மாமா மோட்டரைப் பிடித்தார். நான் அணியத்தில். கரை மறையும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு குனிந்து, காலடியில் கைவைத்துத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு கிடக்கு. வடிவாப் பாக்கேல்லை நீ."