கொதிக்காத ரத்தக் கொதிப்பு

‘ரத்தக் கொதிப்பு’ என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. கொதிப்பு என்றால் தலை சுட வேண்டும், நெஞ்சு படபடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அப்படி எதுவும் இல்லாவிட்டால், “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்று இருந்துவிடுகிறோம். ஆனால் பெரும்பாலானோருக்கு பி.பி. எந்த அறிகுறியும் காட்டாது. கை கால் இழுத்துக்கொண்ட பிறகுதான் பலருக்கு அது இருந்ததே தெரியவருகிறது.

செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர்க்காரர்களுக்கு மதுராந்தகம் ஏரி தெரியும். கரை உடையாமல் காத்தார் என்பதால்தான் அங்குள்ள ராமருக்கு ‘ஏரி காத்த ராமர்’ என்று பெயர். நிரம்பிய ஏரி சத்தம் போடாது. ஆனால் கரையை அழுத்திக்கொண்டே இருக்கும். ரத்தக் குழாயிலும் இதே கதைதான். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண், விரியும்போது உள்ளது கீழ் எண். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். வருடக்கணக்கில் இந்த அழுத்தம் தாங்கிய குழாய், உள்ளே அடைத்துக்கொள்ளலாம். அல்லது வெடித்து மூளைக்குள் ரத்தம் கசியலாம். இரண்டுமே பக்கவாதம்தான். மேல் எண்ணில் 10 குறைந்தாலே பக்கவாத ஆபத்து ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது.

அளக்கும் முறை

வெயிலில் நடந்துவந்த சூட்டோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, பீடி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும்.

உப்பளத்து ஊரில் உப்பு

உப்பளமும் கருவாடும் கண்ணெதிரே உள்ள கடற்கரை, செய்யூர்ப் பக்கம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடக்கம். நான்கு பேர் உள்ள வீட்டில் சமையலுக்கு மட்டும் மாதம் ஒரு கிலோ உப்பு தீர்ந்தால், ஆளுக்குத் தினமும் 8 கிராமைத் தாண்டுகிறது என்று பொருள். கல்லுப்பு, இந்துப்பு என்று மாற்றினாலும் பயனில்லை. அவற்றிலும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புதான்.

சோடியத்தின் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பும் உண்டு. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. அந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மதகை அடைக்காதீர்கள்

“பி.பி. நார்மலுக்கு வந்துடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்.” பக்கவாதத்துக்கு வழிவிடும் வாக்கியம் இதுதான். மதகு திறந்திருப்பதால்தான் நீர்மட்டம் இறங்கியிருக்கிறது. மட்டம் இறங்கிவிட்டதே என்று மதகை அடைத்தால் ஏரி மறுபடி ஏறும். எண் சரியாக இருப்பது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை சாப்பிட்டுக் கால் வீங்கினாலோ, உப்பளத்தில் வேலை செய்யும்போது தலை சுற்றினாலோ, நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ அவர் மாற்றித் தருவார்.

மாத்திரை வாங்க அலைய வேண்டியதில்லை என்பதற்காகவே வந்தது ‘மக்களைத் தேடி மருத்துவம்’. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை மாத்திரைகளைத் தருகிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. உங்கள் பெயர் பட்டியலில் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதியலாம்.

அப்படியும் பக்கவாதம் வந்துவிட்டால்

திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கக் கையைத் தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், நடை தள்ளாடுதல்: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். புறா ரத்தம் தேய்ப்பதிலும் எண்ணெய் நீவுவதிலும் நேரத்தைப் போக்காதீர்கள். தண்ணீர்கூடப் புகட்ட வேண்டாம், புரையேறும். ஆஸ்பிரினும் கொடுக்கக் கூடாது. அடைப்பா கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

அடைப்பாக இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். செய்யூரிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக, சாலையிலேயே ஒரு மணி நேரம் கரைந்துவிடும். அதனால் ஆம்புலன்ஸ் ஏறும்போதே ஒன்றை நினைவில் குறித்துக்கொள்ளுங்கள்: “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?” மருத்துவமனையில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.