இடுப்பு வலியும் மறக்கப்பட்ட மூட்டும்

முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பு இருபுறமும் இடுப்பெலும்புகளோடு இணைகிறது. உடலின் பாரத்தைக் கால்களுக்குக் கடத்தும் இம்மூட்டுகள் அசைவது சில பாகைகளே. எனினும், பிரசவத்தாலோ விபத்தாலோ இவை நிலைகுலைந்தால், நெடுநேரம் உட்காரவும் படியேறவும் இயலாதவாறு வலி உண்டாகலாம்.

1921-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர் ஸ்மித்-பீட்டர்சன், இம்மூட்டைத் திறந்து எலும்புகளை ஒன்றாக்கும் அறுவை முறையை விளக்கினார். 1934-இல் அதே நகரத்து மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ‘டிஸ்க்’ பிதுங்கி நரம்பை அழுத்துவதே பலரது வலிக்குக் காரணம் எனக் காட்டினர். மருத்துவர்களின் கவனம் அதன்பால் திரும்பவே, இம்மூட்டு ஏறக்குறைய மறக்கப்பட்டது.

இன்று சுமார் மூன்று சென்டிமீட்டர் கீறலே போதும். எக்ஸ்-ரே உருவத்தைத் திரையில் கண்டவாறே, டைட்டேனிய முளைகளை மூட்டின் குறுக்கே செலுத்தி அதனை அசையாது நிறுத்துகின்றனர். இதற்கான முக்கோண முளைகள் 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. தசைகள் அதிகம் அறுபடுவதில்லை. இரத்தச் சேதமும் குறைவு.

ஆயினும், சிறு கீறலும் தவறான இடத்தில் இட்டால் பயனற்றதே. ஆகவே முதலில் மூட்டினுள் உணர்வு நீக்கும் மருந்தைச் செலுத்திப் பார்ப்பர். வலி பெரும்பாலும் தணிந்தால்தான் மூட்டே காரணமெனக் கொள்ளலாம். உடற்பயிற்சியும் மருந்தும் பல மாதங்கள் பயனளிக்காதபோதே அறுவையை நாடுதல் முறையாகும்.