கால், கால், அரை: தேர்வுக்குப் படிக்க நன்னூல் சொல்லும் கணக்கு

சங்கத்து மலருக்கு ஒவ்வொரு முறையும் கல்வெட்டு, சமணப் பள்ளி, பழைய ஏடு என்று ஏதாவது எழுதித் தருவது என் வழக்கம். இந்த முறை மலர்க்குழுவில் உள்ள தம்பிகள், "ஐயா, கல்வெட்டு இருக்கட்டும். நம்ம பிள்ளைங்க பரீட்சைக்கு எப்படிப் படிக்கணும்னு எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திப் பாத்திரக் கடையில் உட்கார்ந்தவன் நான். எனக்கு என்ன தகுதி என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு யோசித்தேன். சரியாகப் படிக்கத் தெரிந்தவன் எழுதலாம். தப்பாகப் படிக்க வைத்தவனும் எழுதலாம். நான் இரண்டாவது வகை.

எங்கள் ஏர்பேடு, திருப்பதியிலிருந்து காளத்தி போகும் வழியில் வெங்கடகிரி ரோடு பிரிகிற ஊர். 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். 1982-ல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நான் இங்கே வந்தபோது ஒரு ரயில் நிலையமும் நாலு கடையும்தான் கண்ணில் படும். 2015-ல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி.யும், அதே ஆண்டில் தொடங்கிய ஐசர் என்னும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இன்று ஏர்பேட்டில்தான் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகள் வாளி, டம்ளர் வாங்க நம் கடைக்கு வருவார்கள். அவர்களைப் பார்க்கும் பெற்றோருக்கெல்லாம், "நம்ம பிள்ளையும் அந்த கேட்டுக்குள்ள போகணும்" என்று ஆசை வந்துவிடுகிறது. ஆசை தப்பில்லை. அதற்கு நாம் எடுக்கும் வழிதான் பல வீடுகளில் தப்பாகிவிடுகிறது.

முதலில் என் குற்றம்

2002-ல் என் மகன் இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி விடுவேன். கடையிலிருந்து வந்ததும் ராத்திரி பதினோரு மணி வரை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவன் வாய் அசைய வேண்டும், பக்கம் புரள வேண்டும். அதுதான் படிப்பு என்று நினைத்தேன். அவனும் புத்தகத்தில் முக்கால்வாசி வரிகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு, அதையே ஐந்தாறு முறை படித்தான். பரீட்சையில் கணிதமும் பௌதிகமும் போயிற்று. அன்று கடை வாசலில், ஆட்கள் எதிரில், நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மனம் வரவில்லை. மறுநாள் ஆரணியில் இருக்கும் அவன் மாமா வீட்டுக்குப் போனவன், சப்ளிமெண்டரி எழுதத்தான் திரும்பி வந்தான். தேறினான். ஆனால் வெகுநாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிள்ளை படிக்காமல் தோற்றிருந்தால் கதை வேறு. அவன் பதினாலு மணி நேரம் படித்துத் தோற்றான். அப்படியானால் தப்பு அவனுடைய உழைப்பில் இல்லை, முறையில் இருந்திருக்கிறது. இது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று.

நன்னூல் போடும் கணக்கு

விளக்கியது ஒரு பழைய இலக்கண நூல். பவணந்தி முனிவரின் நன்னூலைப் பலரும் பள்ளியில் பெயரளவில் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய நூல். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது. அவன் கோலார்க் கங்கர் மரபினன். சித்தூர் மாவட்டத்து மேற்கெல்லையைத் தாண்டினால் கோலார்தான். ஆகவே அந்த நூல் நமக்கு அசலூர்ச் சரக்கு இல்லை.

அதன் பாயிரத்தில் எழுத்து, சொல் என்று இலக்கணம் தொடங்குவதற்கு முன்பே, ஆசிரியர் எப்படிச் சொல்லவேண்டும், மாணவர் எப்படிக் கேட்கவேண்டும் என்று வகுத்திருக்கிறார் பவணந்தியார். மாணவரை எட்டுப் பொருளுக்கு ஒப்பிடுகிறார். வயிறாரத் தின்றுவிட்டுப் பிறகு அசை போடும் பசுவும், பாலைத் தனியே எடுத்துக்கொள்ளும் அன்னமும் முதல் தரம். உழைத்த அளவுக்கு விளையும் மண்ணும், சொன்னதை மட்டும் சொல்லும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக் குடம், அங்கங்கே நுனிப்புல் கடிக்கும் ஆடு, தண்ணீரைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி ஆகியவை கடைத்தரம். கவனியுங்கள். ஒப்பிக்கும் கிளிக்கு அவர் முதல் இடம் தரவில்லை. அசை போடும் பசுவுக்குத்தான் தருகிறார். நான் என் மகனைக் கிளியாக்கப் பார்த்தேன். அதுவும் அரைகுறைக் கிளி.

அதைவிட முக்கியமானது ஒரு கணக்கு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்கு வருவது கால் பங்குதானாம். உடன் படிப்பவர்களோடு பழகிக் கேட்டுப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரை, தான் கற்றதைப் பிறருக்குத் தெளிவாகப் பாடம் சொல்லும்போதுதான் வந்து சேரும் என்கிறார்.

வியாபாரி கண்ணோடு பாருங்கள். நாம் ஃபீஸ் கட்டி வாங்குவது முதல் கால். அதற்கே எல்லாப் பணத்தையும் நேரத்தையும் கொட்டிவிட்டு, காசில்லாமல் கிடைக்கும் முக்கால் பங்கை விட்டுவிடுகிறோம்.

இருப்பு எடுத்தால்தான் தெரியும்

பழைய நூலில் சொன்னதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. சோதனை செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடத்தை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை படித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் மூன்று தடவை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்களே ஜெயித்தார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கணக்கு தலைகீழாயிற்று. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நின்றது. மூடிவைத்து எழுதியவர்களுக்கு 61 நின்றது.

இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கடையில் உட்கார்ந்து அலமாரியைப் பார்த்தால் சரக்கு நிறைய இருப்பது போலத்தான் தெரியும். வருஷக் கடைசியில் இருப்பு எடுக்கும்போதுதான் இரண்டு படி அளவு எவர்சில்வர் தவலை ஒன்றுகூட இல்லை என்பது தெரியவரும். திறந்த புத்தகமும் அந்த அலமாரி போலத்தான். பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மூடிவிட்டு வெறுந்தாளில் எழுதிப் பார்ப்பதுதான் இருப்பு எடுப்பது. எழுத வராத இடம்தான் நாளைக்குக் கொள்முதல் செய்யவேண்டிய சரக்கு.

ஐ.ஐ.டி.யில் படிக்கும் தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் டிபன் பாக்ஸ் வாங்க வந்தபோது, எப்படிப் படித்தாய் என்று கேட்டேன். "பெருசா ஒண்ணுமில்ல தாத்தா. படிச்சிட்டு மூடி வச்சு எழுதிப் பாப்பேன். வராததை மறுபடி பாப்பேன். பழைய கொஸ்டின் பேப்பரை கடிகாரம் வச்சுப் போடுவேன்" என்றான்.

2013-ல் டன்லாஸ்கி என்பவரும் நான்கு அறிஞர்களும் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து தரம் பிரித்தார்கள். உயர்ந்த தரம் பெற்றவை இரண்டுதான். ஒன்று, இப்படித் தன்னைத் தானே சோதிப்பது. மற்றொன்று, இடைவெளி விட்டுப் படிப்பது. திரும்பத் திரும்பப் படிப்பதற்கும், கோடு போடுவதற்கும் கிடைத்தது கடைசித் தரம். என் மகன் செலவழித்த சிவப்பு மையை நினைத்துக்கொண்டேன்.

இடைவெளியும் தூக்கமும்

மறதி எப்படி வேலை செய்கிறது என்பதை 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து எழுதினார். படித்தது முதல் சில மணி நேரத்தில் வேகமாக நழுவுகிறது. பிறகு நழுவும் வேகம் குறைகிறது. ஆகவே ஒரே நாளில் ஆறு மணி நேரம் ஒரு பாடத்தில் உட்காருவதைவிட, இன்று ஒரு மணி, நாளை அரை மணி, நாலு நாள் கழித்து அரை மணி, பத்து நாள் கழித்து மறுபடி என்று பிரித்துக்கொள்வது லாபம். நழுவப் போகும் நேரத்தில் பிடித்து இழுத்தால் பிடி இறுகும்.

தூக்கத்தைத் திருடாதீர்கள். 1924-ல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், படித்துவிட்டு விழித்திருந்தவர்களைவிடப் படித்துவிட்டுத் தூங்கியவர்கள் குறைவாகவே மறக்கிறார்கள் என்று காட்டினார்கள். எங்கள் நயினார் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது பழக்கம். அது உயிர்க்கொலைக்கு அஞ்சி ஏற்பட்ட விரதம்தான், பரீட்சைக்காக ஏற்பட்டதல்ல. ஆனால் பரீட்சைக்கும் அது உதவுகிறது என்பது என் அனுபவம். சாப்பாடு முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் நிம்மதியாகக் கிடைக்கும். பத்து மணிக்குப் படுத்தால் ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வரும்.

எந்தப் பரீட்சைக்கு என்ன விதி என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ளவேண்டும். ஜே.இ.இ. மெயினிலும் நீட்டிலும் சரியான விடைக்கு நாலு மார்க், தவறான விடைக்கு ஒரு மார்க் குறைப்பு. ஆந்திர எம்செட்டில், அதாவது இப்போதைய ஈ.ஏ.பி.செட்டில், குறைப்பு கிடையாது. முதல் வகையில் தெரியாததை விட்டுவிடுவதும் ஒரு திறமை. தன் இருப்பு தனக்குத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது வரும்.

பித்தளையில் புளிக்குழம்பு

இப்போது என் பேத்தி இன்டர் படிக்கிறாள். இந்தத் தடவை நான் எதிரே உட்காரும் விதத்தை மாற்றிக்கொண்டேன். காவல்காரனாக இல்லாமல் மாணவனாக உட்கார்ந்தேன். "எனக்குப் பாடம் சொல்லும்மா" என்றேன். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே தாத்தா?" "தமிழ்ல சொல்லு."

ஒருநாள் உலோகங்களின் வீரிய வரிசையைக் கடகடவென்று ஒப்பித்தாள். "செம்பு ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கு தாத்தா. அதனால சாதாரண ஆசிட்ல கரையாது" என்றாள். நான் பாத்திரக்காரன். சும்மா இருப்பேனா? "அப்படின்னா பித்தளைப் பாத்திரத்துல புளிக்குழம்பு வச்சா ஏன் களிம்பு ஏறுது? ஈயம் பூசினா ஏன் ஏறல?" என்று கேட்டேன். பிள்ளை திகைத்துவிட்டாள். புத்தகத்தில் அந்தப் பாடத்துக்கு நூற்றுக்கு நூறு வாங்கியவள்.

இரண்டு நாள் புத்தகம் புரட்டி, வாத்தியாரையும் தோழிகளையும் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: "ஆசிட் மட்டும் இருந்தா செம்பு கரையாது தாத்தா. காத்துல இருக்கற ஆக்ஸிஜனும் கூடச் சேர்ந்தா மெதுவாக் கரையும். அதுதான் களிம்பு. பித்தளையில துத்தநாகமும் இருக்கு, அது வரிசையில மேலே, இன்னும் சுலபமாக் கரையும். நீங்க பூசுறது வெள்ளீயம். அது நடுவுல திரை மாதிரி நின்னு, புளி செம்பைத் தொடாமப் பாத்துக்குது." நாற்பது வருஷம் ஈயம் பூசி விற்ற எனக்கே அன்றுதான் விளங்கியது. அவளுக்கு அந்தப் பாடம் இனி மறக்காது. வாத்தியார் கால், தோழிகள் கால், எனக்குச் சொன்னது அரை. பவணந்தியார் கணக்கு சரியாக வந்துவிட்டது.

நம் வீடுகளுக்குச் சொல்ல விரும்புவது

வெளி மாநிலத்தில் வாழும் நம்மில் பலருக்கு ஒரு தாழ்வு மனப்பான்மை உண்டு. "பிள்ளை தெலுங்கிலும் இங்கிலீஷிலும் படிக்குது. நமக்கு என்ன தெரியும், நாம என்ன சொல்லித் தர முடியும்?" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அல்லது அந்தக் கூச்சத்தை மறைக்க அதட்டுகிறோம். சொல்லித் தர வேண்டாம் ஐயா. கேட்டுக்கொண்டால் போதும். தினமும் இருபது நிமிடம், கையில் போன் இல்லாமல், "இன்னைக்கு என்ன பாடம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லுங்கள். தெரியாதவன் கேட்கும் கேள்விதான் பாடத்தைத் துலக்கும். வீட்டுத் தமிழில் சொல்லிப் பழகிய பிறகு, பரீட்சை எந்த மொழியிலோ அந்த மொழியில் ஒருமுறை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பாடமும் நிற்கும், தமிழும் நிற்கும்.

மார்க் குறைந்தால் அன்று மட்டும் பேசாமல் இருங்கள். பிள்ளை சாப்பிட்டானா என்று பாருங்கள். கணக்கை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

பேத்திக்கு இன்னும் பரீட்சை வரவில்லை. என்ன ரேங்க் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் புளிக்குழம்புப் பாடம் நடந்த அன்று, ஸ்ரீசிட்டிப் பக்கம் வேலை பார்க்கும் என் மகன் லீவில் வந்திருந்தான். வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போன பிறகு மெல்லச் சொன்னான்: "அன்னைக்கு என்கிட்டயும் இப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

என்னிடம் பதில் இல்லை. இதைப் படிக்கும் பெற்றோர்கள் அந்த ஒரு வார்த்தையை இன்று ராத்திரியே கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் எல்லோரும் நன்றாகப் படித்து, நலமாக வாழ வாழ்த்துகிறேன்.