மாடர்ன் தியேட்டர்ஸ், சேலம்: தலைநகருக்கு வெளியே வளர்ந்த படப்பிடிப்பு நிலையம்

மாடர்ன் தியேட்டர்ஸ் என்பது சேலம் நகரில், ஏற்காடு மலைக்குச் செல்லும் சாலையில் இயங்கிய திரைப்படத் தயாரிப்பு நிறுவனமும் படப்பிடிப்பு நிலையமும் ஆகும். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் (1907–1963) 1930களின் நடுவில் இதைத் தொடங்கினார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் உட்படப் பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கு உருவாயின. 'தியேட்டர்ஸ்' என்ற பெயரைப் பார்த்து இதைப் படம் காட்டும் கொட்டகை என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. வகுப்பில் இதைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். கொட்டகைக்கு அனுப்பும் படத்தைத் தயாரித்த இடம் இது.

சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஓர் ஊரில் இவ்வளவு பெரிய நிலையம் எப்படித் தோன்றியது? விடை காண அன்றைய நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்ப் பேச்சு இடம்பெற்ற முதல் படமான 'காளிதாஸ்' (1931) பம்பாயில் எடுக்கப்பட்டது. அதன் பிறகும் சில ஆண்டுகள் தமிழ்ப் படம் எடுக்க விரும்பியவர்கள் நடிகர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போனார்கள். ஒலிப்பதிவு வசதி கொண்ட நிலையங்கள் அங்கேதான் இருந்தன. ஏ. நாராயணன் 1934இல் ஸ்ரீனிவாசா சினிடோனைத் தொடங்கிய பிறகுதான் சென்னையிலேயே பேசும் படம் எடுக்க வழி பிறந்தது. ஆகவே 1930களில் சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் இடையே இன்று நாம் நினைக்கும் அளவு பெரிய வேறுபாடு இருக்கவில்லை. கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்ததும் இதே காலத்தில்தான். தலைநகரம் முந்திக்கொள்ளும் முன்பே உள்ளூர் முதலாளிகள் முயன்று பார்த்த காலம் அது.

சுந்தரம் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். துணி நூல் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்து சென்று, லீட்ஸ் நகரில் பயின்றவர். கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை மணந்தார். ஊர் திரும்பியவர் குடும்பத் தொழிலோடு நின்றுவிடவில்லை. சேலத்தில் எஸ். எஸ். வேலாயுதம் பிள்ளையின் ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்தார். 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'நல்லதங்காள்' போன்ற படங்களில் அந்த நிறுவனத்துக்குத் தொடர்பு உண்டு. வெளியூர் நிலையங்களில் வாடகை கொடுத்துப் படமெடுப்பதன் செலவையும் தாமதத்தையும் அங்கேதான் அவர் நேரில் கண்டார். பிறர் கையில் கருவிகள் இருக்கும்வரை படத்தின் கால அட்டவணையும் பிறர் கையில்தான் இருக்கும். அதனால் சொந்த நிலையம் வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஏற்காட்டின் அடிவாரத்தை நோக்கிய சாலையில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருளைக் கழுவிப் பிரதி எடுக்கும் ஆய்வகம், படத்தொகுப்பு அறை, தச்சுப் பட்டறை, உடை தைக்கும் பிரிவு ஆகிய எல்லாம் ஒரே மதிலுக்குள் அமைந்தன. மலை, காடு, அருவி எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. நிறுவனத்தின் முதல் படம் 'சதி அகல்யா' 1937இல் வெளிவந்தது. அதன் நாயகி இலங்கைத் தமிழரான கே. தவமணி தேவி. அவருடைய நவீனத் தோற்றம் அன்று பெரிய பரபரப்பை ஏற்படுத்தியது.

மறு ஆண்டே சேலத்திலிருந்து இன்னொரு மொழியின் திரை வரலாறு தொடங்கியது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. மலையாளத்தில் படமெடுக்கலாம் என்று சுந்தரத்தை அணுகியவர் ஆலப்பி வின்சென்ட் என்னும் நடிகர். எஸ். நொட்டானி இயக்கினார். முதுகுளம் ராகவன் பிள்ளை வசனம் எழுதினார். கே. கே. அரூர், எம். கே. கமலம் ஆகியோர் நடித்தனர். போடோ குட்ச்வாகர் என்னும் ஜெர்மானியர் ஒளிப்பதிவு செய்தார். ஒரு பார்சி இயக்குநர், ஒரு ஜெர்மானிய ஒளிப்பதிவாளர், கேரளத்து நடிகர்கள், கொங்கு நாட்டு முதலாளி! இன்று இந்தக் கூட்டணி வியப்பாகத் தோன்றலாம். தொழில் தெரிந்தவரை எங்கிருந்தாலும் அழைத்து வருவது அப்போது இயல்பான வழக்கம்.

நடைமுறை

இந்த நிலையத்தின் வளர்ச்சிக்கு நட்சத்திரங்களைவிட நடைமுறையே காரணம் என்பது என் கருத்து. தொழிலாளர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள், எழுத்தாளர்கள், நடிகர்களில் பலர் என எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். கதை இலாகா என்று தனிப் பிரிவு இருந்தது. சுந்தரத்தை அனைவரும் 'முதலாளி' என்றே அழைத்தனர். நேரம் தவறுவதை அவர் பொறுக்கமாட்டார் என்பது திரையுலகில் இன்றும் சொல்லப்படும் செய்தி. படங்கள் பலவற்றை அவரே இயக்கவும் செய்தார்.

இதன் பொருளாதாரத்தைக் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளம் என்றால், படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் செலவு உண்டு. ஆகவே ஒரு படம் முடியும்போது அடுத்தது தயாராக இருக்க வேண்டும். ஓர் அரண்மனை அமைப்பு சிறிய மாற்றத்துடன் இன்னொரு கதைக்கு உதவும். ஒரு படத்துக்குத் தைத்த உடை அடுத்த படத்துக்கும் வரும். இப்படி இடைவிடாமல் படங்கள் வரும்வரை ஒவ்வொரு படத்தின் செலவும் குறையும். ஒரு படம் தோற்றாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும். இந்த முறையின் பலம் இதுதான். பின்னாளில் பலவீனமாக மாறியதும் இதுவே.

1940இல் சுந்தரம் இயக்கிய 'உத்தம புத்திரன்', தமிழில் கதாநாயகன் இரட்டை வேடம் ஏற்ற முதல் படமாகக் கருதப்படுகிறது. பி. யு. சின்னப்பா நடித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவியது இது. ஒரே நடிகரை இரு உருவங்களாகக் காட்ட, படச்சுருளின் ஒரு பாதியை மறைத்து ஒரு முறையும், மறு பாதியை மறைத்து இன்னொரு முறையும் பதிவு செய்வது அக்கால உத்தி. கேமரா இம்மி நகர்ந்தாலும் நடுவில் கோடு தெரிந்துவிடும். 1942இல் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகம் 'மனோன்மணி' என்ற படமாயிற்று. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தனர்.

இரண்டாம் உலகப் போரின்போது படச்சுருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியது. போருக்கு ஆதரவான படங்களை எடுக்கும்படியும் தயாரிப்பாளர்களை நெருக்கியது. அப்படிப் பிறந்ததுதான் 'பர்மா ராணி' (1945). இதில் ஜப்பானியத் தளபதி வேடத்தில் சுந்தரமே நடித்தார். போர் முடிந்ததும் அவர் மீண்டும் மக்கள் விரும்பும் கதைகளுக்கே திரும்பினார். 1947இல் வந்த 'ஆயிரம் தலை வாங்கி அபூர்வ சிந்தாமணி' பெரும் வெற்றி பெற்றது.

1950ஆம் ஆண்டு

நிறுவனத்தின் வரலாற்றில் ஓர் ஆண்டை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 1950ஐத்தான் சொல்வேன். அந்த ஆண்டில் வந்த மூன்று படங்கள் மூன்று வெவ்வேறு மூலங்களிலிருந்து பிறந்தவை. 'பொன்முடி' பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவியது. 'திகம்பர சாமியார்' வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலிலிருந்து வந்தது. இதில் எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் தோன்றினார். மூன்றாவது 'மந்திரி குமாரி'. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதைக்கருவை வைத்து மு. கருணாநிதி எழுதிய நாடகமே இப்படமானது. எம்.ஜி.ஆர்., மாதுரி தேவி, எஸ். ஏ. நடராஜன், ஜி. சகுந்தலா நடித்தனர். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். இடையில் அவர் நாடு திரும்ப நேர்ந்ததால் எஞ்சிய பகுதியைச் சுந்தரம் முடித்தார். மலையுச்சிக்கு அழைத்துச் சென்று தள்ளிவிட எண்ணும் கணவனும், அதை அறிந்துகொண்ட மனைவியும் வரும் பாடல் காட்சியைப் பார்க்காத முதியவர்கள் எங்கள் பகுதியில் குறைவு. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அப்பாடலுக்கு இசை ஜி. ராமநாதன்.

தமிழ் மேடை நாடகத்தில் வளர்ந்த அடுக்குமொழி வசனம் திரைக்கு வந்த காலம் இது. எழுத்தாளருக்கு மாதச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்த நிறுவனம் அதற்கு ஒரு வாசலாக இருந்தது. கருணாநிதி சேலத்தில் தங்கி எழுதினார். கவிஞர் அ. மருதகாசி திரைப்பாடலாசிரியராகத் தொடங்கியது இங்கேதான். நிறுவனம் நடத்திய 'சண்டமாருதம்' இதழில் கண்ணதாசன் பணியாற்றினார். பாரதிதாசன் 'வளையாபதி' (1952) படத்துக்கு வசனம் எழுதினார். ஒரு மாவட்டத் தலைநகரில் ஒரே மதிலுக்குள் இத்தனை பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது தமிழ் இலக்கிய மாணவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

வெளிநாட்டுக் கூட்டு முயற்சியும் நடந்தது. 1952இல் வில்லியம் பெர்க் இயக்கிய 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படம் அமெரிக்க நிறுவனத்துடன் சேர்ந்து தயாரிக்கப்பட்டது. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகிய ஹாலிவுட் நடிகர்களுடன் நம்பியாரும் நடித்தார். அழிந்துபோன மாமூத் விலங்குகளாகக் காட்ட நம் ஊர் யானைகளுக்கு ரோமப் போர்வை மாட்டினார்கள். படம் சுமார்தான். ஆனால் ஹாலிவுட் குழு ஒன்றுக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துதரும் நிலையில் சேலத்து நிறுவனம் இருந்தது என்பதற்கு இது சான்று.

வண்ணத்தின் முறை அடுத்து வந்தது. 1956 பொங்கலுக்கு வெளியான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த இப்படம் கேவா கலரில் எடுக்கப்பட்டது. இது பெற்ற வெற்றிக்குப் பிறகும் எல்லாரும் உடனே வண்ணத்துக்கு மாறிவிடவில்லை. செலவு அவ்வளவு அதிகம். மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) கூட மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்ததே. ஹஜ் பயணத்துக்காகக் காசு சேர்க்கும் ஏழைச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் கதை அது. கேரளத்தின் முதல் பேசும் படத்தையும் முதல் வண்ணப் படத்தையும் தந்தது சேலத்து நிறுவனம் என்பதைப் பொது அறிவு வினாவாக மட்டும் மனப்பாடம் செய்து விட்டுவிடக் கூடாது. ஒரு மொழியில் நிலையங்கள் வளர்ந்திராதபோது அயல்மொழி நிலையம் அந்த இடத்தை நிரப்பியது என்பதே இதன் பொருள்.

சுந்தரத்துக்குப் பிறகு

சுந்தரம் 1963இல் காலமானார். அவருடைய மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970), 'கருந்தேள் கண்ணாயிரம்' (1972) எனத் துப்பறியும் சாகசப் படங்கள் வரிசையாக வந்தன. ஜெய்சங்கர் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று பெயர் பெற்றதில் இப்படங்களுக்குப் பங்குண்டு. ஆனால் அதற்குள் தொழில் முழுவதும் மாறத் தொடங்கியிருந்தது.

நடிகர்கள் மாதச் சம்பளத்துக்கு இருந்த காலம் போயிற்று. அவர்கள் சென்னையில் குடியேறி, ஒரே நாளில் இரண்டு மூன்று படங்களுக்குத் தேதி கொடுத்தார்கள். அப்படிப்பட்டவரைச் சேலத்துக்கு அழைத்து வந்து வாரக்கணக்கில் தங்கவைப்பது கடினம். சொந்த நிலையம் இல்லாத தயாரிப்பாளர்கள் சென்னையில் தளத்தை வாடகைக்கு எடுத்துப் படத்தை முடித்தார்கள். அவர்களுக்கு நிரந்தரச் சம்பளச் சுமை இல்லை. 1977இல் '16 வயதினிலே' வந்த பின் கேமரா கிராமத்துக்கே போயிற்று. அட்டையில் செய்த அரண்மனைகளுக்கு வேலை இல்லாமற்போனது. ஜெமினி, வாகினி போன்ற சென்னை நிலையங்களே தாக்குப்பிடிக்க முடியாதபோது, தொலைவில் இருந்த சேலம் மட்டும் எப்படித் தாங்கும்? மாடர்ன் தியேட்டர்ஸ் படத் தயாரிப்பை நிறுத்தியது. தளங்கள் இருந்த நிலத்தில் பின்னர் குடியிருப்புகள் எழுந்தன.

நிலையம் மூடப்படும்போது கட்டடம் மட்டும் போவதில்லை. காட்சி அமைப்புத் தச்சர், ஆய்வகத்தில் இரசாயனக் கலவை பார்த்தவர், உடை தைத்தவர், விளக்கு தூக்கியவர் என உள்ளூரில் கைத்தொழிலாகப் பழகிய ஒரு தலைமுறைக்கு அடுத்த வாரிசு இல்லாமற்போகிறது. இந்த நிறுவனத்தைப் பற்றி எழுதுவோர் நடிகர்களின் பெயர்களையே திரும்பத் திரும்பப் பட்டியலிடுகிறார்கள். நானும் இங்கே பெரும்பாலும் அதையே செய்திருக்கிறேன். அந்தத் தொழிலாளர்களில் இப்போது இருப்பவர்கள் மிகவும் முதியவர்கள். சேலம் வட்டாரக் கல்லூரி மாணவர்கள் யாரேனும் ஆய்வுக்குத் தலைப்பு தேடினால், ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பேசிப் பதிவு செய்யலாம்.

ஏற்காடு சாலையில் இன்று எஞ்சி நிற்பது நிலையத்தின் நுழைவாயில் வளைவு. பெயர் பொறித்த அந்த வளைவின் வழியாகத்தான் ஒரு காலத்தில் படப்பிடிப்புக்கு வந்தவர்களின் வண்டிகள் உள்ளே போயின.