சிகரெட்டைக் கைவிட நினைப்பவருக்குப் போட் வேப் உதவுமா?

நமது தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் புகைப்பழக்கத்தைப் பற்றிப் பேசியபோது இரண்டு கேள்விகள் அரங்கத்தை அமைதியாக்கின. கிள்ளானைச் சேர்ந்த ஒரு குடும்பமாது கேட்டார்: "என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடிக்கிறார். விட முடியவில்லை. சின்னதாக ஒரு போட் வாங்கிக் கொடுத்தால் விட்டுவிடுவாரா?" அடுத்து பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டார்: "ஸ்ட்ராபெரி வாசனையாகத்தானே இருக்கிறது, என் மகன் ஊதினால் என்ன கெட்டுவிடும்?"

இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய கேள்விகள். ஆனால் பதில்கள் எதிரெதிரானவை. நேரக் குறைவால் அரங்கில் விட்டுப்போன விளக்கங்களையும் சேர்த்து, அன்று பேசியதை இங்கே எழுத்தில் தருகிறேன்.

இரண்டாவது கேள்விக்கான பதில் சுருக்கமானது. புகைக்காதவர் எவருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, வேப் தேவையே இல்லை. நல்ல கருவி, கெட்ட கருவி என்று அங்கே தரம் பிரிக்க ஒன்றுமில்லை. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட இளையோர் சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்களில் 14.9 விழுக்காட்டினர் வேப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. 2017இல் இது 9.8 விழுக்காடாக இருந்தது. நூறு மாணவர்கள் கூடும் பள்ளிச் சபையில் ஏறக்குறைய பதினைந்து பேர் என்று நினைத்துப் பாருங்கள். வளரும் மூளை நிகோட்டினுக்கு விரைவில் அடிமையாகிவிடும். வாசனை எதுவாக இருந்தாலும் உள்ளே போவது நிகோட்டின்தான்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். அது பெரியவர்களைப் பற்றியது. பல வருடங்களாகச் சிகரெட் பிடித்து, பலமுறை விட முயன்று தோற்றவர்களைப் பற்றியது.

போட் என்றால் என்ன?

வேப் கருவிகளிலேயே எளிமையானது போட். கட்டைவிரல் அகலம், கையடக்க நீளம். கீழ்ப்பகுதியில் மின்கலம் இருக்கும். மேலே மாட்டும் சிறிய பிளாஸ்டிக் குப்பிக்குத்தான் போட் என்று பெயர். குப்பிக்குள் திரவம், அதை உறிஞ்சும் பருத்தித் திரி, திரியைச் சூடாக்கும் சுருள் கம்பி ஆகிய மூன்றும் உள்ளன. நாம் வாய்வைத்து இழுக்கும்போது காற்றோட்டத்தை ஓர் உணரி கண்டுகொண்டு மின்சாரத்தைத் திறந்துவிடும். கம்பி சூடாகும், திரவம் ஆவியாகும். நம் வீட்டில் கொசுவை விரட்ட மின்செருகியில் மாட்டுகிறோமே, திரவக் குப்பி, அதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

இதில் எரிதல் இல்லை என்பதுதான் முக்கிய வேறுபாடு. சிகரெட்டின் நுனி, நாம் இழுக்கும்போது ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. புகையிலை எரிந்து, தாரும் கார்பன் மோனாக்சைடும் ஆயிரக்கணக்கான இரசாயனங்களும் உண்டாகின்றன. அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. மனிதனை அடிமையாக்குவது நிகோட்டின். அவனைக் கொல்வது பெரும்பாலும் அந்தப் புகை. வேப்பில் புகை இல்லை, ஆனால் நிகோட்டின் இருக்கிறது. ஆகவே அது பாதுகாப்பானது என்று சொல்வது தவறு. சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்பதுதான் பல ஆய்வாளர்களின் முடிவு. பல்லாண்டுகள் ஊதினால் நுரையீரலுக்கு என்ன ஆகும் என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை.

உண்மையில் உதவுகிறதா?

இதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. பேராசிரியர் பீட்டர் ஹாயெக் தலைமையிலான குழுவினர், பிரிட்டனின் அரசாங்கப் புகைநிறுத்தச் சேவையை நாடிவந்த 886 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு நிகோட்டின் ஒட்டுப்பட்டை, மெல்லும் பசை போன்ற வழக்கமான மாற்றுப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. மறு பிரிவினருக்கு, மறுபடி நிரப்பக்கூடிய எளிய வேப் கருவி ஒன்றும், மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம் நிகோட்டின் கொண்ட ஒரு புட்டித் திரவமும் கொடுக்கப்பட்டன. இரு பிரிவினருக்கும் குறைந்தது நான்கு வாரங்கள் நேரடி ஆலோசனை உண்டு.

ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வேப் பிரிவில் 18 விழுக்காட்டினர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். மற்ற பிரிவில் 9.9 விழுக்காடு. ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது அல்லவா? இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வேப் பிரிவில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் விடவில்லை. விட்டவர்களிலும் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பிறகும் வேப்பை ஊதிக்கொண்டிருந்தார்கள். மாற்றுப் பொருள் பிரிவில் அப்படித் தொடர்ந்தவர்கள் 9 விழுக்காடு மட்டுமே.

ஆகவே, ஆற்றைக் கடக்க ஓடம் உதவியது உண்மை. ஆனால் கரை சேர்ந்தவர்களில் பலர் ஓடத்தைவிட்டு இறங்கவில்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒரு கருவியை எடைபோட வேண்டும்.

எதைப் பார்க்க வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சீனாவின் யூவெல் நிறுவனம் 2018இல் வெளியிட்ட கேலிபர்ன், இந்த வகைக் கருவிகளில் பலரும் அறிந்த ஒன்று. அதன் பின் எத்தனையோ வடிவங்கள் வந்துவிட்டன. ஆனாலும் தொடக்கநிலைக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதை அதை வைத்து விளக்கலாம். வாங்கச் சொல்லும் பரிந்துரை அல்ல இது, அளவுகோல் மட்டுமே.

முதலாவது, எளிமை. கேலிபர்னில் வாய்வைத்து இழுத்தாலே போதும். விரும்பினால் பொத்தானையும் அழுத்தலாம். ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் கருவி அணைந்துவிடும். வாட் அளவைக் கூட்டிக் குறைக்கும் திரையெல்லாம் கிடையாது. புதியவருக்கு இது குறை அல்ல, நிறை. திரையும் விளக்கும் விளையாட்டும் கொண்ட கருவிகள் பெரியவரைப் புகையிலிருந்து மீட்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை யாரைக் கவர என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இரண்டாவது, இழுப்பு. சிகரெட் பிடிப்பவர் முதலில் வாய்க்குள் இழுத்து, பிறகுதான் நெஞ்சுக்குள் எடுப்பார். போட் கருவியும் அப்படி இறுக்கமாக இழுபட வேண்டும். கேலிபர்னின் சுருள் 1.4 ஓம் தடையும் ஏறக்குறைய 11 வாட் ஆற்றலும் கொண்டது. ஆவி குறைவாக வரும். ஓம் அளவு மிகக் குறைந்த பெரிய கருவிகள் மேகம் போல் ஆவியைக் கக்கும். அவற்றில் கெட்டியான நிகோட்டின் திரவத்தை ஊற்றினால் தலைசுற்றலும் வாந்தியும்தான் மிஞ்சும்.

மூன்றாவது, நிரப்பும் வழி. இதில் மேலே உள்ள வாய்முனையைக் கழற்றினால் திரவம் ஊற்றும் துளைகள் தெரியும். குப்பி 2 மில்லிலிட்டர் கொள்ளும். நடுவில் உள்ள காற்றுவழியில் ஊற்றிவிடக் கூடாது. வாய்க்குள் திரவமே வந்துவிடும். புதிய குப்பியை நிரப்பியதும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பருத்தித் திரி நன்றாக ஊறாமல் இழுத்தால் பஞ்சு கருகி, தொண்டையைச் சுடும். அந்தக் கருகல் சுவை ஒருமுறை வந்துவிட்டால் குப்பியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

நான்காவது, மின்கலம். இதன் கொள்ளளவு 520 மில்லி ஆம்பியர் மணி. நாளுக்கு ஒரு பெட்டி பிடித்தவருக்கு ஒருமுறை மின்னேற்றியது மாலைவரை தாங்குவது சிரமம். மின்கலம் தீர்ந்த நேரத்தில்தான் கை மாமாக் கடைச் சிகரெட்டைத் தேடும். அதனால் கூடுதல் கொள்ளளவு உள்ளதைப் பார்ப்பது நல்லது. தலையணைக்குப் பக்கத்தில் இரவெல்லாம் மின்னேற்ற வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் விட்டுவர வேண்டாம். லித்தியம் மின்கலம் தீப்பற்றக் கூடியது.

ஐந்தாவது, செலவு. சட்டப்பூர்வச் சிகரெட் பெட்டி ஒன்று 17 வெள்ளி என்று வைத்தாலே, மாதத்திற்கு 510 வெள்ளி, ஆண்டுக்கு 6,205 வெள்ளி. வேப்பில் கருவி ஒருமுறைச் செலவு. திரவமும் குப்பியும் தொடர் செலவு. நிகோட்டின் திரவத்திற்கு 2023 ஏப்ரல் 1 முதல் மில்லிலிட்டருக்கு 40 காசு வரி விதிக்கப்பட்டது. நாளுக்கு 2 மில்லிலிட்டர் என்றால் அந்த வரி மட்டுமே மாதம் 24 வெள்ளி. சுருளும் குப்பியும் ஒன்றிரண்டு வாரத்தில் தேய்ந்துவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நிகோட்டின் அளவு

ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் சேரும் நிகோட்டின் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிகிராம். மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று எழுதிய திரவத்தை 2 மில்லிலிட்டர் குப்பியில் நிரப்பினால் அதில் 40 மில்லிகிராம் இருக்கிறது. அத்தனையும் உடலில் சேராது. ஆனால் எவ்வளவு உறிஞ்சுகிறோம் என்று தெரியாமலே போய்விடும் என்பதுதான் ஆபத்து. சிகரெட் எரிந்து முடிந்தால் அணைந்துவிடும். போட் அணைவதில்லை. கையில் இருக்கும்வரை வாய்க்குப் போகும்.

நிகோட்டின் உப்பு என்ற திரவ வகை 2015இல் அமெரிக்காவில் ஜூல் கருவியோடு பரவியது. அமிலம் சேர்ப்பதால் தொண்டையில் காரம் தெரியாது. எவ்வளவு கெட்டியானாலும் இதமாக இறங்கும். கடுமையாகப் புகைத்தவருக்கு அது உதவி. புகைக்காத சிறுவனுக்கு அதுவே கண்ணி. ஒரே குணம், இரண்டு விளைவு.

சட்டம் என்ன சொல்கிறது?

2023 மார்ச் 31இல் நிகோட்டின் திரவம் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. புதிய புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 852ஆவது சட்டம், 2024 அக்டோபர் 1இல்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாதங்களில் சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்க உறுதியான வயது வரம்பே இல்லாமல் இருந்தது. இன்று 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பது குற்றம். இணையம் வழியாக விற்பதற்கும் தடை உண்டு. சிகரெட்டுக்குத் தடை உள்ள உணவகங்களிலும் பொது இடங்களிலும் வேப்பும் ஊதக் கூடாது.

மாநிலங்கள் தனித்தனியாகவும் நடவடிக்கை எடுத்துள்ளன. ஜோகூர் 2016 முதல் விற்பனையைத் தடை செய்தது. திரெங்கானு 2025 ஆகஸ்ட் 1 முதல் தடை செய்தது. நாடு முழுவதும் தடை செய்யும் திசையில் அரசு நகர்வதாகச் சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ சுல்கிஃப்ளி அகமட் 2025இல் கூறினார். எனவே கோலாலம்பூரிலோ சிலாங்கூரிலோ இருப்பவர்களும் வாங்குவதற்கு முன் அன்றைய சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கருவியில் சிரிம் முத்திரை இருக்கிறதா, திரவம் சுகாதார அமைச்சில் பதிவானதா என்றும் பாருங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. செயற்கைப் போதைப்பொருள் கலந்த வேப் திரவங்களை நம் நாட்டுக் காவல்துறை கைப்பற்றியிருக்கிறது. அமெரிக்காவில் 2019இல் தொடங்கிய நுரையீரல் நோய் அலையில், 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள்; உறுதி செய்யப்பட்ட மரணங்கள் 68. அதில் முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது, கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட். முகவரி இல்லாத புட்டியில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

அப்படியானால் என்ன செய்வது?

புகைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் வேப் கடை அல்ல, அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக். அங்கே புகைநிறுத்த ஆலோசனை கிடைக்கும். ஒட்டுப்பட்டை, மெல்லும் பசை பற்றியும் கேட்கலாம். அந்த ஆய்விலும் வெறும் கருவி வெற்றி தரவில்லை. கருவியோடு வாராவாரம் பேச ஓர் ஆளும் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

எல்லாம் செய்து பார்த்தும் முடியாமல் போட் கருவியை நாடுகிறவர் மூன்று விதிகளை வைத்துக்கொள்ளட்டும். ஒன்று, சிகரெட்டை முழுமையாக நிறுத்த ஒரு நாள் குறிக்க வேண்டும். காலையில் சிகரெட், மாலையில் வேப் என்றால் இரண்டுக்கும் பணம், இரண்டுக்கும் அடிமை. இரண்டு, சிகரெட் நின்ற பிறகு, நிகோட்டின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, வேப்பையும் நிறுத்த ஒரு நாள் குறிக்க வேண்டும். மூன்று, திரவப் புட்டியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். அதைக் குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. தோலில் பட்டாலும் உடனே கழுவிவிடுங்கள்.

நேயர்களே, நல்ல போட் எது என்று இனி யாராவது உங்களைக் கேட்டால், கருவியின் பெயரைச் சொல்வதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "நீங்கள் இப்போது சிகரெட் பிடிக்கிறீர்களா?" இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். ஆம் என்றால், அடுத்து இதையும் கேளுங்கள்: "சிகரெட்டை என்றைக்கு நிறுத்துகிறீர்கள், இதை என்றைக்கு நிறுத்துகிறீர்கள்?" இரண்டு தேதியையும் நாட்காட்டியில் எழுதி, வீட்டார் கண்ணில் படும்படி மாட்டி வைக்கச் சொல்லுங்கள்.