கதிருக்குத் துணை நிற்கும் மருந்து

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைக்க' வேண்டும் என்று சொல்லும் மருத்துவர், வாரம் ஒருமுறை கீமோவும் ஏற்ற வேண்டும் என்றால் வீட்டில் பயம் இரட்டிப்பாகிவிடுகிறது. "நோய் முற்றிப்போச்சா டாக்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. பயத்தில் சிலர் கதிர்வீச்சு மட்டும் போதும் என்று கீமோவைத் தவிர்த்துவிடுகிறார்கள். இந்த மருந்து எதற்கு என்று விளக்கிச் சொல்ல ஆளில்லாததே இதற்குப் பெரும் காரணம்.

செல்லுக்குள் நடப்பது

கதிர்வீச்சு புற்றுசெல்லின் டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் செல் பிழைப்பது கடினம். ஆனால் அந்தச் செல் சும்மா இருப்பதில்லை. அறுந்ததை ஒட்டவைக்க உடனே முயல்கிறது. சிஸ்பிளாட்டின் மருந்து டிஎன்ஏவோடு பிணைந்துகொண்டு அந்தப் பழுதுபார்ப்பைத் தடுக்கிறது. அதனால் அதே அளவு கதிர் கூடுதல் செல்களைக் கொல்கிறது. கதிர்வீச்சோடு வாராவாரம் ஏற்றும் இந்த மருந்தின் முதல் வேலை, கதிரின் வேகத்தைக் கூட்டுவதுதான்.

இன்னொரு தடை ஆக்சிஜன். கட்டியின் உட்பகுதிக்கு ரத்த ஓட்டம் சரியாகப் போவதில்லை. ஆக்சிஜன் கிடைக்காத செல்லை அழிக்க இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். டென்மார்க்கில் தொண்டைப் புற்றுநோயாளிகளுக்கு நிமோரசோல் என்ற மாத்திரை தருவது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

பலன் எவ்வளவு?

1999 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம், ஐந்து ஆய்வுகளின் முடிவை வைத்து மருத்துவர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினும் சேர்த்தால் இறப்பு அபாயம் 30 முதல் 50 சதவீதம் குறைகிறது என்றது. நம் நாட்டில் நோய் முற்றிய நிலையில் வரும் பெண்களே அதிகம், அவர்களுக்கும் பலிக்குமா? மும்பை டாடா நினைவு மருத்துவமனை மூன்றாம் கட்டத்தின் பிற்பகுதியில் இருந்த 850 பெண்களிடம் ஆய்வு செய்து, 2018இல் விடை சொன்னது. ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதம். மருந்தும் பெற்றவர்களில் 54. நூறு பெண்களில் எட்டுப் பேர் கூடுதலாகப் பிழைப்பது சிறிய பலன் அல்ல.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும், வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசின் மருந்தைச் சேர்த்துச் சோதித்து 1970களிலேயே முடிவுகளை வெளியிட்டார்கள்.

எல்லாருக்கும் ஒத்துவராது

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை, உடன் நிறைய சலைன். காதில் இரைச்சல் கேட்டாலோ சிறுநீர் குறைந்தாலோ அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். கதிரின் வேகம் கூடுவதால் நல்ல திசுவும் கூடுதலாகப் புண்படும். வாய், தொண்டைக்குக் கதிர் பெறுபவர்களுக்குச் சாப்பாடே இறங்காத நாட்கள் வரும். அப்போது மூக்குவழிக் குழாய் போடச் சொன்னால் மறுக்க வேண்டாம். உடல் இளைத்துச் சிகிச்சை பாதியில் நிற்பதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

தலை, கழுத்துப் புற்றில் சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, வாரம் ஒருமுறை குறைந்த அளவு டோசிடாக்சல் கைகொடுக்கிறது. இதைக் காட்டியதும் டாடா மருத்துவமனை ஆய்வுதான். இரண்டாண்டு உயிர்வாழ்வு சுமார் 42 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாக உயர்ந்தது.

நோயாளி கையில் இருப்பவை

புகைப்பதை முதல் நாளே நிறுத்துங்கள். சிகிச்சையின்போது புகைப்பவர்களுக்குக் கதிர் குறைவாகவே பலன் தருகிறது. ரத்தசோகை இருந்தால் மறைக்காதீர்கள். சத்து மாத்திரை, நாட்டு மருந்து எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிடாதீர்கள்: அதிக அளவு வைட்டமின் ஈ மாத்திரை, கதிர்வீச்சு பெற்ற தொண்டைப் புற்றுநோயாளிகளுக்குத் தீங்காக முடிந்தது என்று கனடா ஆய்வொன்று காட்டியிருக்கிறது.

திருவிழா, கல்யாணம் என்று இடைவெளி விடவும் கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான மொத்தக் கதிர் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: "எனக்குக் கதிரோடு மருந்தும் உண்டா? இல்லையென்றால் ஏன்? மாற்று மருந்து இருக்கிறதா?"